கடைசி வரியில் ஒரு சொல்

திரையில் மில் சங்கு ஊதியதும் அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

கேட்டுக்கு வெளியே மயிலப்பன். உள்ளே மானேஜர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் எழுதிய நாவலின் கடைசிப் பக்கம்.

"நாங்க பொழச்சுக்குவோம்" என்றான் மயிலப்பன்.

பிரிவியூ தியேட்டரில் விளக்குகள் எரிந்தன.

நாங்க.

புத்தகத்தில் அது 'நாம'. நாற்பத்தாறு வருஷமாக, பதினோரு பதிப்பிலும், 'நாம பொழச்சுக்குவோம்'தான்.

அந்த ஒரு சொல்லுக்காக அவரை என்ன பாடு படுத்தினார்கள்! ஸ்டிரைக்கில் நிற்கிற தொழிலாளி மானேஜரையும் சேர்த்துக்கொண்டு 'நாம' என்பானா? முதலாளிக்குப் பாய் விரித்துவிட்டார் என்று கட்சிப் பத்திரிகை எழுதியது. மகத்தான சமரசம் என்று ஒரு பேராசிரியர் நாற்பது பக்கம் புகழ்ந்தார். அது இன்னும் மோசம். இதே நாவலை வைத்து முதலில் வந்த படத்தில் மயிலப்பன் மானேஜர் மகளுக்கு மாலை போட்டு, பாட்டும் பாடிவிட்டான்.

அவரோடு ஜெயிலில் கிடந்த கோபண்ணன் அதன் பிறகு வீட்டு வாசப்படி மிதிக்கவில்லை. தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் மாறிப் போனார்.

அவர் யாருக்கும் பதில் எழுதவில்லை.

டைரக்டர் இளம்பரிதி ஓடி வந்தான். கையில் பழுப்பேறிய ஒரு தாள். பரணிலிருந்து இவர்களே எடுத்துக் கொடுத்த மூட்டையில் இருந்தது.

"ஐயா, உங்க கையெழுத்துல 'நாங்க'ன்னுதானுங்க இருக்குது. படியெடுத்தவங்க பண்ணின தப்பு. டைட்டில்லயே போட்டுடறனுங்க. இனி ஒருத்தரும் உங்களை ஒரு சொல்லு சொல்ல முடியாது."

படியெடுத்தவள் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள்.

கல்யாணமாகி மூன்றாம் மாதம். அடுப்படியில் உட்கார்ந்து எழுதினாள். நாவலில் வருகிற அதே மில்லில் அவள் அப்பா டைம்கீப்பர். ஸ்டிரைக்கின்போது கேட்டுக்கு உள்ளே நின்றவர். அந்த 'நாங்க'வில் அப்பா இல்லை. அவளும் இல்லை.

பேனா அங்கே வந்து கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு 'நாம' என்று எழுதினாள்.

யாராவது கேட்டால் கை தவறிவிட்டது என்று சொல்ல நினைத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. அவர் கவனிக்கவே இல்லை என்றுதான் இத்தனை காலமும் நம்பினாள்.

இன்று சொல்லிவிட வேண்டும். பாவம் மனுஷன், அவள் செய்ததற்கு எவ்வளவு பேச்சு வாங்கிவிட்டார். கோபண்ணன் இனியாவது வீட்டுக்கு வரட்டும்.

அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் அவர் தாளை வாங்கிப் படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"டப்பிங் இன்னும் முடியலீங்கல்ல தம்பி? புத்தகத்துல இருக்கறதையே வெச்சிருங்க" என்றார். "அன்னைக்கு ப்ரூஃப் பாத்தது நாந்தான்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றும் ஓடவில்லை.