பாதி வெங்காயம்

பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, கிரில் அடுப்பின் சூடான கம்பிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார் தையற்காரர். மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டு அக்காவின் தலை எழும்பியது.

“வெங்காயத்துக்கா இந்தக் கறை போகுது?”

“கம்பி சூடா இருந்தாப் போகும்க்கா. மிச்சத்தை அலுமினியத் தாளைக் கசக்கித் தேய்ச்சா ஆச்சு.”

“அந்தக் கிண்ணத்துல என்ன?”

“சோடா உப்பு. வினிகர் ஊத்தினா அடித்தட்டுப் பிசுக்கு விட்டுடும்.”

“எங்க வீட்டு வினிகரைத்தான் காலையிலேர்ந்து தேடறேன். எங்க வீட்டுக்காரரும் இருக்காரே, குடிச்ச டம்ளரை நகர்த்த மாட்டார். டாக்டர் கறியை நிறுத்தச் சொன்னதிலேர்ந்து வாக்கிங் மட்டும் தவறாம போறார். வரட்டும், இழுத்துட்டு வந்து உங்களைக் காட்டறேன்.”

தையற்காரர் சிரித்து வைத்தார்.

“ஆமா, நீங்க முட்டையைக்கூடத் தொட மாட்டீங்களே. உங்களுக்கு எதுக்குத் தம்பி கிரில்?”

அவர் கை நின்றது. அதற்குள் அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்:

“வட்டமா தேய்க்காதீங்க தம்பி, கம்பி போற வாக்குல தேய்க்கணும்னு எத்தனை தடவை சொல்றது?”

காலில் வாக்கிங் ஷூவும் கையில் வினிகர் பாட்டிலுமாக வந்துகொண்டிருந்தார் அக்காவின் வீட்டுக்காரர்.