மறுபாதி

கிதார் செய்யும் மெக்சிகோ ஊரான எங்கள் பராச்சோவில் குட்டி கிதாரின் முதுகுக்கு ஒரே பலகையை இரண்டு தகடாக அறுத்து, புத்தகம்போல் விரித்து ஒட்டுவோம். கண்ணாடியில் பார்த்ததுபோல் இருபுறமும் மர வரி ஒத்துவரும். நேற்று அப்படி ஒரு ஜோடியை விரித்தேன். இடப்பாதி வரியில், முதுகைக் காட்டி ஓர் ஆள் நின்றான். வலப்பாதியில் ஆளே இல்லை.

ரத்தம் கொதித்தது. பலகையை அறுத்துக் கொடுத்த தங்கை கணவன் கிரெசென்சியோவின் மரவாடிக்கே தகடுகளோடு போய்க் கத்தினேன்.

"வேற பலகைய என் தலையில கட்டிட்டியேடா! சொந்த மச்சானையே ஏமாத்துவியா?"

"உங்க தங்கச்சி மேல சத்தியமா ஒரே பலகைதான். மூடிப் பாருங்க."

மூடினேன். ரம்பத் தடம் அச்சாகப் பொருந்தியது. மறுபடி விரித்தேன். இடப்பாதி காலி. அந்த ஆள் வலப்பாதியில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா கூத்து இது?" என்று மூடப் போனேன். கிரெசென்சியோ என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் மச்சான். அடுத்த தடவையும் பலகையிலதான் நிப்பான்னு என்ன நிச்சயம்?"