ஆறு யூரோ பாட்டில்

பிரான்சின் போர்தோ நகரத்து சூப்பர் மார்க்கெட்டில் செப்டம்பர் ஒயின் விற்பனை. ஆறு யூரோ பாட்டில் ஒன்றை எடுப்பதும் வைப்பதுமாகத் தவித்துக்கொண்டிருந்தாள் ஒதீல்.

பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர் அதை அவள் கையிலிருந்து வாங்கி, பாட்டிலின் அடிக்குழியில் கட்டைவிரலை விட்டுப் பார்த்தார்.

"குழி ஆழமா இருந்தாத்தான் நல்ல ஒயின் மேடம், இதுல ஆழமே இல்ல. லேபிள்ல போட்டியில ஜெயிச்ச பதக்கமும் காணோம். வேண்டாம், விடுங்க!"

"குடிச்சுப் பாத்தீங்களா?" என்றாள் ஒதீல்.

"இத எவன் குடிப்பான்? அடுத்த வாரமே கடையிலேருந்து தூக்கிடுவாங்க, பாருங்க."

அவர் நகர்ந்ததும், ஒதீல் மிச்சமிருந்த எட்டு பாட்டில்களையும் அள்ளி, பணம் கட்டி, கார் டிக்கியில் அடுக்கி, வீட்டுக்கு விரைந்தாள்.

வாசலிலேயே கணவன் மார்செலான் துள்ளினான்.

"கடையிலேருந்து போன்! நம்ம ஒயின் மொத்தமும் தீந்துடுச்சாம். இன்னும் நூறு பாட்டில் கேக்கறாங்க!"

"அப்படியா! யாரு வாங்கினாங்களாம்?" என்றபடி, கார் டிக்கிமேல் அழுத்திச் சாய்ந்துகொண்டாள் ஒதீல்.