டிவி அணைந்த சலூன்

அட்லாண்டாவில் வெர்டெலின் சலூனில், கடை திறந்த நாளிலிருந்து ஓயாத டிவி அணைந்து கிடக்கிறது. நாட்டையே இரவு பகலாகச் செய்தி பார்க்கப் பழக்கிய கேபிள் செய்திச் சேனலின் முதலாளி இன்று காலமாகிவிட்டார். மரியாதைக்கு ஒரு நிமிட மௌனம். கறுத்த திரையில் ஜன்னல் வெயில் விழுகிறது. மின்விசிறிக்கு இவ்வளவு சத்தமா? பெஞ்சில் காத்திருப்பவர்களின் கால்கள் நிலைகொள்ளாமல் ஆடுகின்றன. நாற்காலியில் வெர்டெலின் சொந்தத் தம்பி ரோஸ்கோ. அவன் கழுத்தருகே வெர்டெலின் கத்தி அப்படியே நிற்கிறது. வாராவாரம் வருகிறவன்தான். இருவரும் இதுவரை செய்தியைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறார்கள். "அண்ணே," கண்ணாடியைப் பார்த்தே கேட்கிறான் ரோஸ்கோ, "சாகறப்ப அம்மா என்னைத் தேடுனாங்களா?" வெர்டெலின் கை ரிமோட்டைத் துழாவுகிறது. "யோவ், இன்னும் ஒரு நிமிஷம் ஆகலய்யா!" என்று பெஞ்சிலிருந்து யாரோ கத்துகிறார். அதற்குள் டிவி ஓடத் தொடங்கிவிட்டது; செய்தியில் முதலாளி மறுபடியும் இறந்துகொண்டிருக்கிறார்.