பச்சைக் கோடு ஏறுகிறது

பக்கவாதத்தில் பேச்சும் அசைவும் போனவரின் இரு நெற்றிப்பொட்டிலும் ஒட்டிய, கண்ணசைவைப் பதியும் வில்லைகளில் காலை வெயில் மின்னுகிறது. கண் வலப்பக்கம் திரும்பினால் திரையில் பச்சைக் கோடு ஏற வேண்டும். "வலது பக்கம் பாருங்க சார்," என்கிறாள் டெக்னீஷியன். கோடு இறங்குகிறது. மறுபடியும் சொல்கிறாள், மறுபடியும் இறங்குகிறது. அவருக்கு எதுவும் புரியவில்லையோ என்று அவள் முகம் வாடுகிறது. "எது சொன்னாலும் நேர்மாறாத்தாம்மா செய்வாரு. இது அவரேதான்!" என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறாள். டெக்னீஷியன் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். எதிரே நின்று ஒட்டும்போது தன் வலது கைப்பக்கத்தையே அவருடைய வலமாக நினைத்துவிட்டாள். வில்லைகளின் ஒயர்களை இடம்வலம் மாற்றிச் செருகுகிறாள். வெயில் அவர் முகத்தில் அடிக்கிறதென்று மனைவி கட்டிலைச் சுற்றி அவருடைய வலப்பக்க ஜன்னலைச் சாத்தப் போகிறாள். "நான் இன்னும் சொல்லவே இல்லையே!" என்று டெக்னீஷியன் திரையைப் பார்த்துக் கத்துகிறாள். மனைவி நடக்க நடக்க, கோடு விறுவிறுவென்று ஏறுகிறது.