கோலி போய் நின்ற இடம்

வீட்டுக்குள் நுழைந்ததும் ஞானசிகாமணி செருப்பைக் கழற்றிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்தார். பழைய வீடு வாங்குகிறவர்களுக்குப் பார்த்துச் சொல்லும் இன்ஜினியர் அவர். தரையில் வைத்த கோலி நிற்காமல் உருண்டால் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். இன்று பார்க்க வந்தது தனக்காக. மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் ஒரு வீடு அமையாதா என்று மூன்று வருஷமாக அலைந்த அவர் மனைவி பிலோமினா, மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

வாசற்படியோரம் கோலியை வைத்தார். அது கொஞ்சம் யோசித்தது. பிறகு சிவப்புத் தரையில் உருள ஆரம்பித்து, கூடத்தைத் தாண்டி, தூணில் இடித்துத் திரும்பி, ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த வீட்டுக்கார அம்மாவின் காலடியில் போய் நின்றது.

அந்த அம்மா அதை எடுத்து நீட்டினார். "எலுமிச்சம்பழம், நூல்கண்டு, மாத்திரை, எது கை தவறினாலும் இங்கதான் சார் வரும். கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இந்த வீட்டுல நான் எதையும் தேடினதே இல்ல."

இதில் பாதிச் சரிவுக்கே எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவர் ஞானசிகாமணி.

"அப்போ வேண்டாமா?" என்றாள் பிலோமினா, குரல் இறங்கி.

அவர் வாசலுக்குப் போய் மறுபடி உருட்டினார். இந்தத் தடவை கோலியின் பின்னாலேயே நடந்தார். ஜன்னலில் வேப்பமரக் காற்று வந்தது.

"ஏம்மா, இந்த நாற்காலியையும் சேர்த்துக் குடுப்பீங்களா?"