கரண்ட் போன கட்டம்

"அருண், நீ செஞ்ச செல்போன் கேம்ல கடைசிக் கட்டமே இல்லை. சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா திங்கக்கிழமை ஆபீசுக்கு வராதே," என்றார் மேலாளர், பெங்களூரிலிருந்து போனில்.

சிறுவயதில் ஆடிய வீடியோ கேமை வைத்துத்தான் அதைச் செய்திருந்தான் அருண்பாண்டியன். அந்தப் பழைய கேமில் கடைசிக் கட்டம் வந்தாலே சொந்த ஊரான செண்பகனூரில் அப்போதெல்லாம் கரண்ட் போய்விடும். ஒருமுறையாவது அதைப் பார்த்துவிடத்தான் வீட்டுக்கு வந்திருந்தான்.

பழைய கேசட்டைச் செருகி மூன்று மணி நேரம் போராடினான். கடைசிக் கட்டம் வந்தது. மிச்சம் ஒரே ஓர் உயிர்.

கரண்ட் போனது.

கத்திக்கொண்டே வெளியே ஓடினான். பக்கத்து வீட்டில் டிவி பாடிக்கொண்டிருந்தது. மீட்டர் பெட்டியருகே, கையில் பிடுங்கிய பீஸ் கட்டையோடு அம்மா.

"அப்பவும் நீதானாம்மா?"

"தோக்கப்போறப்ப உன் மூஞ்சி கோணிரும்லே. இன்னிக்கும் கோணுச்சு. தோத்தா ரெண்டு நாளு சோறு திங்கமாட்டே. கரண்டு போச்சுன்னா, கரண்டுக்காரனை வஞ்சுட்டு ஒழுங்காத் தின்னுருவே."